இஎம்டி வகுப்பில் எதைக் கற்பிப்பது? அவசரப் பிரிவு நர்ஸ் ஒருவருக்கு விரிவான பதில்

கேள்வி: கலிபோர்னியாவில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் 12 ஆண்டுகளாக நர்ஸாக இருக்கிறேன். பக்கத்துக் கம்யூனிட்டி கல்லூரியில் மாலை நேர இஎம்டி (ஆம்புலன்ஸில் போகும் அடிப்படை அவசர மருத்துவ ஊழியர்) வகுப்புக்குப் பகுதிநேர ஆசிரியராக வர முடியுமா என்று கேட்கிறார்கள். நான் ஆம்புலன்ஸில் வேலை பார்த்ததில்லை, வகுப்பறையில் பாடம் எடுத்ததும் இல்லை. அந்த மாணவர்களுக்கு எதைக் கற்பிக்க வேண்டும்? எனக்கு இது ஒத்துவருமா?

பதில்:

ஒத்துவரும். தாராளமாக ஏற்றுக்கொள்ளுங்கள். இந்த வகுப்பின் முதன்மை ஆசிரியராக நர்ஸ்கள் இருக்கலாம் என்று கலிபோர்னிய விதிமுறையே சொல்கிறது. கற்பிக்கும் முறையில் 40 மணி நேரப் பயிற்சி பெற்றதற்கான சான்றை மட்டும் காட்ட வேண்டியிருக்கும். பாராமெடிக்காக, அதாவது இஎம்டியைவிடக் கூடுதல் பயிற்சி பெற்ற ஆம்புலன்ஸ் ஊழியராக இருந்து இந்த ஆசிரியர் பணிக்கு வந்தவன் நான். எங்களைப் போன்றவர்களிடம் இல்லாத ஓர் அனுபவம் உங்களிடம் இருக்கிறது. ஆம்புலன்ஸ் ஊழியர் கொடுத்த தகவலை நம்பி, இந்த நோயாளியை உடனே உள்ளே எடுப்பதா, காத்திருக்கச் சொல்வதா என்று இத்தனை ஆண்டுகள் முடிவெடுத்தவர் நீங்கள். அந்தத் தகவல் பிசகினால் அடுத்த அரைமணி நேரத்தில் என்னவெல்லாம் நடக்கும் என்பதை நேரில் கண்டிருப்பீர்கள். இஎம்டி மாணவனுக்குக் கற்பிக்க வேண்டியவற்றில் பாதி அதிலேயே இருக்கிறது: கண்டதைக் கண்டபடி சொல்வது, காணாததைக் காணவில்லை என்று சொல்வது. மற்றத் திறமைகள் எல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன.

முதலில் வகுப்பின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். கலிபோர்னியாவில் குறைந்தபட்சம் 170 மணி நேரம். அதில் 146 மணி நேரம் பாடமும் செய்முறைப் பயிற்சியும்; மீதி 24 மணி நேரம் ஆம்புலன்ஸிலோ மருத்துவமனையிலோ மேற்பார்வையோடு நோயாளிகளைப் பார்ப்பது. குறைந்தது 10 நோயாளிகளையாவது பார்த்துப் பதிவு செய்திருக்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு பருவத்தில் முடிந்துவிடும். நர்ஸிங் படிப்போடு ஒப்பிட்டால் இது எத்தனை குறுகியது என்று உங்களுக்கே தெரியும். இந்த 170 மணி நேரத்தை முடித்துத் தேர்வும் எழுதியவர், சில மாதங்களில் உங்கள் அம்மாவின் படுக்கையருகே வந்து நிற்கலாம். ஒவ்வொரு வகுப்புக்கும் பாடத்தைத் தயாரிக்கும்போது நான் நினைத்துக்கொள்வது அதைத்தான்.

மாணவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று கேட்காமலே கேட்டிருக்கிறீர்கள். கம்யூனிட்டி கல்லூரியின் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கும். பள்ளிப்படிப்பை அப்போதுதான் முடித்த 18 வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள். தீயணைப்புத் துறையில் சேர இந்தச் சான்றிதழ் வேண்டும் என்பதற்காகவே வருபவர்கள் கணிசமாக இருப்பார்கள். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன் நோயாளிகளோடு பழகிய அனுபவம் காட்ட வேண்டும் என்று வருகிற, புத்தகப் படிப்பில் கெட்டிக்காரப் பட்டதாரிகள் சிலர் இருப்பார்கள். ராணுவத்திலிருந்து திரும்பியவர்கள், இரவு முழுக்கக் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு மாலையில் கண் சிவக்க வந்து உட்காருபவர்கள், வீட்டில் ஸ்பானிஷ் மட்டுமே பேசி வளர்ந்தவர்கள் எல்லோரும் ஒரே அறையில் இருப்பார்கள்.

இவர்களில் யார் தேறுவார் என்று முதல் வாரத்திலேயே கணித்துவிடாதீர்கள். இந்தத் தொழிலின் வரலாறே அதற்குச் சாட்சி. 1966 இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் விபத்து மரணங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அன்றைக்கு நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறைய பாதியை நடத்தியவர்கள் ஈமச்சடங்கு நிறுவனத்தார். படுத்தபடி ஆளைக் கொண்டுபோகும் வண்டி அவர்களிடம்தானே இருந்தது. பின்னால் உட்கார்ந்து நோயாளியைக் கவனிக்கப் பயிற்சி பெற்றவர் பெரும்பாலும் இருக்கமாட்டார். அந்த அறிக்கைக்குப் பிறகுதான் மத்தியப் போக்குவரத்துத் துறை ஆம்புலன்ஸ் ஊழியருக்கென்று 81 மணி நேரப் பாடத்திட்டத்தை உருவாக்கியது. 1970 இல் தேசிய அளவில் தேர்வு நடத்தும் பதிவகம் தொடங்கியது. இதற்கெல்லாம் முன்னோடியாக, 1967 இல் பிட்ஸ்பர்க் நகரில் டாக்டர் பீட்டர் சஃபார் ஒரு காரியம் செய்தார். ஹில் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் வேலையின்றி இருந்த கறுப்பின இளைஞர்களைச் சேர்த்து, ஃப்ரீடம் ஹவுஸ் என்ற ஆம்புலன்ஸ் சேவைக்குப் பயிற்சி கொடுத்தார். அவர்களில் பள்ளிப்படிப்பை முடிக்காதவர்களும் உண்டு. அவர்கள் தெருவில் செய்து காட்டியதே பின்னாளில் பாராமெடிக் பாடத்திட்டத்துக்கு அடித்தளமானது. கல்லூரியின் திறந்த கதவை நான் மதிப்பதற்கு இது ஒரு காரணம்.

இனி வகுப்பறைக்குள் வருவோம். இரத்த அழுத்தம் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் மாலையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் மாணவர்கள் எப்படிப்பட்ட ஊழியர்களாக ஆவார்கள் என்பது அன்றே முடிவாகத் தொடங்கிவிடும்.

இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, கைப்பட்டையும் ஸ்டெதஸ்கோப்பும் கொடுத்துவிடுகிறீர்கள். கால்மணி நேரத்தில் ஒரு மாணவி கையைத் தூக்கி, “118க்கு 76” என்பாள். பக்கத்து மேசையில் “120க்கு 80”. அதற்கடுத்த மேசையிலும் “120க்கு 80”. உண்மை என்னவென்றால் அந்த அறையில் பாதிப் பேருக்கு எதுவும் கேட்டிருக்காது. காதில் வைக்கும் முனைகள் பின்பக்கம் திரும்பியிருக்கும், அல்லது ஸ்டெதஸ்கோப்பின் வட்டு முழங்கை மடிப்பில் தமனியின் மேல் இல்லாமல் ஓரமாய் இருக்கும், அல்லது காற்றை ஒரேயடியாகத் திறந்துவிட்டிருப்பார்கள். எல்லோருக்கும் கேட்கிறது, தனக்கு மட்டும்தான் கேட்கவில்லை என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு, புத்தகத்தில் இயல்பானது என்று போட்டிருக்கும் எண்ணைச் சொல்லிவிடுவார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, வெட்கம்தான். ஆனால் இதே வெட்கம் ஆம்புலன்ஸுக்குள் போனால், வயிற்றுக்குள் இரத்தம் கசியும் ஒருவருக்கு 120க்கு 80 என்று உங்களிடம் சொல்லப்படும்.

இதைக் கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. முள் வைத்த இரத்த அழுத்த மானியில் கோடுகள் இரண்டிரண்டாகத்தான் இருக்கும். 117 என்றோ 83 என்றோ ஒருவர் எழுதினால் அந்த எண் மானியிலிருந்து வந்திருக்காது. மூச்சு எண்ணிக்கையை 30 விநாடி எண்ணி இரட்டிக்கச் சொல்லியிருக்கிறீர்கள், தாளில் 17 என்று இருக்கிறது என்றால் அதுவும் அப்படியே. வகுப்பு முழுக்க எல்லோருக்கும் மூச்சு 16 என்றால் ஒருவரும் எண்ணவில்லை. இரட்டைக் காதுக்குழாய் வைத்த பயிற்சி ஸ்டெதஸ்கோப் கல்லூரியில் இருக்கும். இல்லையென்றால் வாங்கச் சொல்லுங்கள். மாணவர் கேட்கும் அதே ஒலியை நீங்களும் கேட்கலாம்.

ஆனால் பிடிப்பதைவிட முக்கியம், உண்மையைச் சொல்வதை எளிதாக்கிவிடுவது. “எனக்குக் கேட்கவில்லை” என்று முதலில் சொல்லும் மாணவரை எல்லோர் முன்னிலையிலும் பாராட்டுங்கள். மனதாரப் பாராட்டுங்கள். அதன்பிறகு அடுத்த படியைக் கற்றுக்கொடுங்கள்: கேட்கவில்லை என்றால் மணிக்கட்டு நாடியைத் தொட்டுக்கொண்டு காற்றை இறக்கு, துடிப்பு எந்த எண்ணில் திரும்புகிறதோ அதுவே மேல் அழுத்தம், தொட்டுப் பார்த்தது என்று சேர்த்து எழுது. ஓடும் வண்டியில் சைரனுக்கு நடுவே பல நேரங்களில் அது ஒன்றுதான் கிடைக்கும். அதுவும் கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்றே எழுது. முடியாமல் போனவருக்கு நான் எத்தனை முறை வேண்டுமானாலும் வாய்ப்புக் கொடுப்பேன். எண்ணை இட்டுக்கட்டியவரை அன்று மாலையே தனியாக அழைத்துப் பேசுவேன், இரண்டாவது முறை நடந்தால் துறைத்தலைவர் வரை போகும். இந்த விதியை முதல் நாளே சொல்லிவிடுவது நியாயம்.

இரண்டாவது பெரிய வேலை, மந்திரம் ஓதுவதை நிறுத்தச் செய்வது. இஎம்டி பயிற்சியில் திறன் மதிப்பீட்டுத் தாள் என்று ஒன்று உண்டு. கையுறை அணிந்தாரா, இடம் பாதுகாப்பானதா என்று பார்த்தாரா, எத்தனை நோயாளிகள் என்று கேட்டாரா என வரிசையாகப் புள்ளிகள். மாணவர்கள் இதை மனப்பாடம் செய்துகொண்டு, வாசற்படியைத் தாண்டும் முன்பே “கையுறை அணிந்தேன், இடம் பாதுகாப்பானது” என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவார்கள். கண் எதிலும் நின்றிருக்காது. தாளின்படி முழு மதிப்பெண். வேலையின்படி பூஜ்யம்.

தாள் தேவைதான், அது இல்லாமல் புதியவர்களுக்கு ஒழுங்கு பிடிபடாது. ஆனால் பாதிப் பருவம் கடந்ததும் அதைப் பறித்துவிட வேண்டும். நான் செய்வது இது. பயிற்சி அறையின் ஒரு மூலையைப் படுக்கையறையாக்குவேன். கட்டிலில் மூன்று தலையணைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைப்பேன். பக்கத்து மேசையில், உடம்பில் தேங்கும் நீரை வெளியேற்றும் ஃப்யூரோசமைட் மருந்தின் பெயர் எழுதிய காலி மாத்திரைக் குப்பி, அதன் அருகே பாதி சாப்பிட்ட உப்புப் பிஸ்கட் பொட்டலம். தரையில் ஆக்சிஜன் குழாய் நீண்டு கிடக்கும். ஜன்னலோரம் சிகரெட் சாம்பல் கிண்ணம். மாணவர்கள் இருவர் உள்ளே வந்து 30 விநாடி நின்று பார்க்க வேண்டும். நோயாளியைத் தொடக் கூடாது, பேசக் கூடாது. பிறகு வெளியே வந்து என்ன பார்த்தாய் என்று சொல்ல வேண்டும். என்ன நோய் என்று சொல்லத் தேவையில்லை. முதல் தடவை பெரும்பாலும் “ஒரு கட்டில், ஒரு மேசை” என்பார்கள். சில வாரங்கள் போனால், “இவரால் படுத்துத் தூங்க முடியவில்லை, அதனால்தான் மூன்று தலையணை, நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம், ஆக்சிஜன் ஓடும் வீட்டில் புகைபிடிக்கிறார்கள், முதலில் அதைக் கவனிக்க வேண்டும்” என்று யாராவது ஒருவர் சொல்வார். அந்த வாக்கியத்தைக் கேட்பதற்காகவே நான் இந்த வேலையில் இருக்கிறேன்.

ஆம்பு பை, அதாவது கையால் அழுத்தி முகமூடி வழியே காற்றுக் கொடுக்கும் பை, அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இஎம்டியின் கையில் உள்ள மருந்துகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மூச்சு நின்றவருக்கு அவர் செய்யக்கூடிய ஆகப் பெரிய காரியம், முகமூடியைச் சரியாகப் பொருத்தி அளவாகக் காற்றுக் கொடுப்பது. புத்தகத்தில் அதற்குச் சில பக்கங்கள்தான். பார்க்க எளிதாக இருப்பதால் மாணவர்களும் ஒரு மணி நேரத்தில் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். பெரியவர்களுக்கான பையில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் கொள்ளும்; தேவையோ 500 முதல் 600 மில்லிலிட்டர். நெஞ்சு உயர்வது கண்ணில் பட்டால் போதும், அங்கேயே நிறுத்த வேண்டும். ஆறு விநாடிக்கு ஒரு முறை, ஒவ்வொன்றும் ஒரு விநாடி. பதற்றத்தில் யாரும் இப்படிச் செய்வதில்லை. மில்வாக்கி நகரில் இதயம் நின்றவர்களுக்கு ஆம்புலன்ஸ் குழுவினர் கொடுத்த மூச்சைக் கணக்கிட்டு 2004 இல் வெளியிட்டார்கள்: சராசரி நிமிடத்துக்கு 30. இத்தனைக்கும் அவர்கள் பயிற்சி பெற்றவர்கள். அதிகக் காற்று நெஞ்சுக்குள் அழுத்தத்தை ஏற்றி, இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தைத் தடுக்கும். வயிற்றுக்குள் காற்றுப் போய் வாந்தி மேலே வரும். ஆகவே பருவம் முழுக்க, ஒவ்வொரு செய்முறை வகுப்பின் தொடக்கத்திலும் பத்து நிமிடம் ஆம்பு பைதான். இரண்டு பேர் சேர்ந்து செய்வதையே வழக்கமாக்குங்கள்: ஒருவர் இரு கைகளாலும் முகமூடியைப் பிடித்துத் தாடையை மேலே தூக்க, மற்றவர் பையை அழுத்துவார். இன்னொருவர் விநாடிகளை வாய்விட்டு எண்ணட்டும். பக்கத்தில் சத்தமாக ரேடியோ ஓடட்டும். யாராவது “என் கணவரைக் காப்பாற்றுங்கள்” என்று அழுதபடி நிற்கட்டும். அப்போதும் எண்ணிக்கை ஆறாக இருக்கிறதா என்று பாருங்கள்.

நர்ஸ் என்பதால் உங்களுக்கு ஓர் எச்சரிக்கை. உங்களுக்கு நிறையத் தெரியும், அதையெல்லாம் கொடுத்துவிடத் தோன்றும். ஒருவருக்கு நெஞ்சுவலி என்று பாடம் எடுக்கும்போது ட்ரோபோனின், இசிஜி அலைகள், ஸ்டென்ட் என்று போய்விடுவீர்கள். மாணவர்களும் ஆசையாகக் கேட்பார்கள். ஆனால் அவர்களிடம் ஆய்வகம் இல்லை, பக்கத்தில் டாக்டர் இல்லை, அறைக்கு வெளிச்சம்கூட இருக்காது. குளியலறையில் கழிப்பறைக்கும் சுவருக்கும் இடையே சிக்கிக் கிடக்கும் பெரிய உடம்புக்காரரை எப்படி வெளியே எடுப்பது என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. தூக்கும் முறையை அசட்டையாக விட்டுவிடாதீர்கள்; முதுகு போய் இந்த வேலையை விட்டவர்கள் ஏராளம். படிக்கட்டில் நாற்காலியை இறக்குவது, கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்றுவது ஆகியவற்றில் உங்களுக்கு அனுபவம் குறைவு என்றால் ஆம்புலன்ஸில் இருக்கும் ஒருவரை உதவி ஆசிரியராகக் கேட்டு வாங்குங்கள். ஆம்புலன்ஸில் நீங்களும் ஒன்றிரண்டு ஷிப்ட் கூடப் போய்வாருங்கள். எந்த ஏற்பாடும் இல்லாத இடத்தில் நோயாளி எப்படித் தெரிவார் என்பது அப்போதுதான் புரியும்.

அதே நேரம், உங்களைத் தவிர வேறு யாராலும் நன்றாகச் செய்ய முடியாத ஒரு பயிற்சி உண்டு. நோயாளியை ஒப்படைக்கும் பேச்சு. நீங்கள் அவசரப் பிரிவு நர்ஸாகவே நில்லுங்கள். மாணவர் வந்து ஒரு நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும். நடுவில் குறுக்கிடுங்கள், “மயக்கம் வந்ததா? எத்தனை நேரம்? யார் பார்த்தது?” என்று கேளுங்கள். பார்த்த சாட்சி யாரும் இல்லாதபோது “ஐந்து நிமிடம்” என்று உடனே சொல்பவருக்கும், “யாரும் பார்க்கவில்லை, மகள் வந்தபோது தரையில் கிடந்தார்” என்று சொல்பவருக்கும் உள்ள வேறுபாட்டை அந்த இடத்திலேயே காட்டுங்கள். முதல் பதிலைக் கேட்டு, எப்போது தொடங்கியது என்பதைப் பொறுத்தே கொடுக்கும் பக்கவாத மருந்தைக் கொடுப்பதா இல்லையா என்று எப்படித் தவறாக முடிவெடுக்க நேரும் என்பதை உங்கள் வாயால் கேட்டால் அவர்கள் மறக்கமாட்டார்கள்.

தேசியத் தேர்வைப் பற்றிச் சுருக்கமாக. கணினியில் எழுதுவது, இரண்டு மணி நேரம், 70 முதல் 120 கேள்விகள். மாணவரின் விடைகளுக்கேற்ப அடுத்த கேள்வியின் கடினம் மாறும். நான்கு விடைகளும் சரிபோலவே தோன்றும், எதை முதலில் செய்வாய் என்பதுதான் கேள்வி. மனப்பாடம் செய்தவர்கள் இங்கே தடுக்கி விழுகிறார்கள். ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ளவர்களும் திணறுவார்கள், ஆனால் அது வாசிப்புப் பயிற்சியால் சரியாகக் கூடியது. அவர்களோடு வாரத்துக்கு ஒருநாள் அரைமணி நேரம் கேள்விகளைச் சேர்ந்து வாசியுங்கள். ஸ்பானிஷ் பேசும் மாணவர் பாட்டி ஒருவரிடம் அவர் மொழியிலேயே வலி எங்கே என்று கேட்கும்போது அறையே அமைதியாகும்; கலிபோர்னியாவுக்கு அப்படிப்பட்டவர்கள் எவ்வளவு வேண்டும் என்று உங்கள் மருத்துவமனையிலேயே பார்த்திருப்பீர்கள்.

உங்களை உறுத்தப்போவது ஒன்று உண்டு. நல்ல மனம், கடும் உழைப்பு, வீட்டில் ஆயிரம் கஷ்டம், ஆனால் செய்முறையில் தேறவில்லை என்று ஒருவர் ஒவ்வொரு பருவமும் இருப்பார். இரக்கப்பட்டு மதிப்பெண் போட்டுவிடாதீர்கள். கூடுதல் நேரம் கொடுங்கள், சனிக்கிழமை வந்து பழகச் சொல்லுங்கள், அடுத்த பருவம் மீண்டும் சேர வழி காட்டுங்கள். அப்படித் திரும்பி வந்து அருமையான ஊழியரானவர்களை எனக்குத் தெரியும். சம்பளத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்லுங்கள்: நாடு முழுவதும் பார்த்தால் இஎம்டியின் ஆண்டு வருமானம் 40,000 டாலரை ஒட்டித்தான் இருக்கிறது. பிறர் உயிரைக் கையில் பிடித்திருப்பவர்களுக்கு இது மிகக் குறைவு என்பது என் உறுதியான கருத்து. அந்தக் கோபத்தை மாணவர்களிடமிருந்து நான் ஒளிப்பதில்லை.

ஏற்கும் முன் கல்லூரியிடம் கேட்க வேண்டியவை சில. செய்முறை வகுப்பில் ஓர் ஆசிரியருக்கு 10 மாணவர்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது மாநில விதி. காகிதத்தில் அல்லாமல் நடப்பில் எத்தனை பேர் என்று கேளுங்கள். ஏழெட்டுப் பேர் என்றால் நல்ல கல்லூரி. ஆம்பு பைகள் எத்தனை, பயிற்சிப் பொம்மைகளின் நெஞ்சு உண்மையிலேயே உயர்கிறதா என்று கையால் அழுத்திப் பாருங்கள். மாணவர்களின் 24 மணி நேரம் எந்த ஆம்புலன்ஸ் நிறுவனத்தோடு, யார் மேற்பார்வையில் என்று கேளுங்கள். எண்ணை இட்டுக்கட்டிய மாணவர் மீது நீங்கள் நடவடிக்கை எடுத்தால் துறை உங்கள் பக்கம் நிற்குமா என்பதையும் நேராகவே கேட்டுவிடுங்கள். இதற்கு மட்டும் தயக்கமில்லாத பதில் வந்தாக வேண்டும். வந்தால் கையெழுத்துப் போடுங்கள். வராவிட்டால் வேறு கல்லூரியைப் பாருங்கள், இந்த மாநிலத்தில் கம்யூனிட்டி கல்லூரிகள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன.